தமிழ் மறவன்: படம் இருக்கிறது, மரம் எங்கே?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் எவரையேனும் நிறுத்தி, “தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப் பூச்சி எது?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்னே “தமிழ் மறவன்” என்று விடை வந்துவிடும். எந்த ஆண்டில் அறிவித்தார்கள் என்றால் 2019 என்பார். அது எங்கே வாழ்கிறது என்று கேளுங்கள். “மேற்குத் தொடர்ச்சி மலை” என்பார். சரி, அதன் புழு எந்த இலையைத் தின்கிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டால், மாணவர் உங்களைச் சற்றே இரக்கத்துடன் பார்த்து, “அது பாடத்தில் இல்லையே, சார்!” என்பார்.

உண்மைதான். பாடத்தில் இல்லை. பொது அறிவு நூல்களிலும் இல்லை. சுவரில் மாட்டும் படங்களிலும் இல்லை. நம் மாநிலச் சின்னங்களுள் ஒன்றாகிய ஓர் உயிரைப் பற்றி நாம் அச்சிட்டுப் பரப்பியிருப்பது ஒரு பெயரும் ஒரு படமுமே. அந்தப் பெயரையும் படத்தையும் பற்றி இங்கே சில குறைகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருபவன். இதில் உனக்கு என்ன வேலை என்று என் விலங்கியல் நண்பர்கள் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். அதற்கு விடை ஒரு வயல் வரப்பில் தொடங்குகிறது.

தை மாதத்தில் ஒரு மாலை, தஞ்சைக்குக் கிழக்கே வெண்ணாற்றங்கரையில் மாணவர் சிலருடன் நடந்துகொண்டிருந்தேன். அறுவடை முடியாத வயல்கள் ஒருபுறம், கரையோரப் புதர்கள் மறுபுறம். தரையை ஒட்டி, அவசரமே இல்லாமல், செம்மஞ்சள் நிற வண்ணத்துப் பூச்சி ஒன்று பறந்து வந்தது. மாணவர் ஒருவர் துள்ளிக் குதித்து, “சார், தமிழ் மறவன்!” என்றார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கைப்பேசியில் படமும் எடுத்தார்கள்.

அது தமிழ் மறவன் அன்று. தமிழ் மறவனை நம் நெல்வயல் நாட்டில் நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் அந்த மாணவரின் பிழை, தேர்வில் அவர் எழுதக்கூடிய சரியான விடையைவிடப் பயனுள்ளது என்று பின்னால் எனக்குத் தோன்றிற்று. ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் பெயரைக் கவனிப்போம்.

இந்தியாவில் மாநில வண்ணத்துப் பூச்சி என்று ஒன்றை முதலில் அறிவித்தது மகாராட்டிரம், ஆண்டு 2015. அதன்பின் உத்தராகண்டம், கர்நாடகம், கேரளம் ஆகியவை அறிவித்தன. 2019ஆம் ஆண்டில் தமிழ்நாடு அறிவித்தது. அப்போது பேசப்பட்ட மற்றோர் இனத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘தமிழ்’ என்னும் சொல் உண்டு என்பதை நினைத்தால், பெயருக்கு இருந்த செல்வாக்கு விளங்கும். பெயரில் தமிழ் இருப்பது நமக்குப் பெருமையே. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்கள் தமிழர்கள் அல்லர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பூச்சி சேகரித்த வெள்ளையர்கள், தம் ஊர்ப் பட்டாளத்துப் பதவிகளையும் சமூகப் பட்டங்களையும் நம் வண்ணத்துப் பூச்சிகளுக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள். கமாண்டர், சார்ஜெண்ட், பேரன், ட்யூக், நவாப், ராஜா என்று ஒரு தர்பாரே பறந்துகொண்டிருக்கிறது. அந்த வரிசையில் ஒன்றுதான் ‘யோமன்’.

யோமன் என்றால் யார்? பழைய இங்கிலாந்தில் சொந்தமாகச் சிறிது நிலம் வைத்து உழுது பிழைத்த சிறு நிலக்காரன். போர் வந்தால் அவன் வில்லெடுத்துச் சென்றதும் உண்டு. ஆதலால் ‘மறவன்’ என்று மொழிபெயர்த்தது முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். என்றாலும் காவிரிக் கரையில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. வரப்பில் நின்ற உழவனைப் பிடித்துக் கையில் வாளைக் கொடுத்துவிட்டோம். வாள் வந்ததும் கதையும் வந்துவிடும். வீரத்தின் அடையாளமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மாணவர்கள் எழுதுவதை நான் படித்திருக்கிறேன். அந்தப் பூச்சிக்கும் வீரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அறிவியல் உலகில் இதன் பெயர் சிர்ரோக்ரோவா தாயிஸ். 1787ஆம் ஆண்டில் இதற்கு முதன்முதல் அறிவியல் விளக்கம் எழுதியவர் யோகான் கிறிஸ்தியான் பப்ரீசியஸ் என்னும் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலறிஞர்; லின்னேயசின் மாணவர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பின் எப்படி நம் பூச்சிகளை அறிந்தார்? இங்கேதான் நம் டெல்டா கதைக்குள் வருகிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவர்களும் பாதிரிமார்களும் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பதப்படுத்திக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் யோகான் கெரார்டு கோனிக். அவரும் லின்னேயசின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். பப்ரீசியஸ் பெயரிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பல அந்தக் கடற்கரைக் கோட்டையிலிருந்து சென்றவை. நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகிறார்கள், கோட்டையைப் பார்க்கிறார்கள், அச்சுக்கூடக் கதையைக் கேட்கிறார்கள். இந்தப் பூச்சிக் கதையையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இனி ஒரு தகவல் பிழை. அறிவிப்பு வந்தபோது வெளியான செய்திகளிலும், அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புகளிலும், தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படும் இனம் என்று எழுதினார்கள். இது சரியன்று. இவ்வினம் இலங்கையிலும் வாழ்கிறது. அங்குள்ளதைத் தனித் துணையினமாகக் கொள்வது வழக்கம். அங்கும் அதன் ஆங்கிலப் பெயர் தமிழ் யோமன்தான். சிறு பிழைதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் ஓர் உயிர் இரண்டு நிலங்களில், இடையே கடல் இருக்க, ஒரே வகையான ஈரக் காட்டில் வாழ்கிறது என்பது எவ்வளவு சுவையான செய்தி! கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலங்களில் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன என்ற புவியியல் பாடத்தை இதிலிருந்தே தொடங்கலாம். ‘மட்டுமே’ என்ற ஒரு சொல் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

ஆனால் என் பெரிய குறை படத்தைப் பற்றியது. நான் பார்த்த சுவர்ப்படம் ஒன்றில் தமிழ் மறவன் ஒரு செம்பருத்திப் பூவின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. சிறகு விரிந்தால் சுமார் 6 முதல் 7.5 செ.மீ. அகலம், செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் கருமை, சிறகின் அடிப்புறத்தில் வெளிறிய பட்டை ஒன்று. எல்லாம் சரியாகவே வரைந்திருந்தார்கள். பூ மட்டும் வேலியோரத்துப் பூ. வண்ணத்துப் பூச்சி என்றால் பூவில் உட்காரும், தேன் குடிக்கும் என்ற பழைய எண்ணத்தில் வந்த பூ அது. வண்ணத்துப் பூச்சியின் வாழ்வில் பூவுக்கு இடம் உண்டு. தமிழ் மறவன் ஈரமணலிலும் உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். ஆனால் ஓர் இனம் எங்கே வாழும், எங்கே வாழாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் குடிப்பழக்கம் அன்று. அதை முடிவு செய்வது புழுவின் சாப்பாடு.

தமிழ் மறவனின் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலையை. மரவெட்டி என்றும் சொல்வார்கள், மலையாளத்தில் மரோட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும், குறிப்பாக நீரோடைக் கரைகளில் வளர்வது. கிரிக்கெட் பந்தைப் போலக் கெட்டியான உருண்டைக் காய்; உள்ளே எண்ணெய் நிறைந்த விதைகள். காயை இரண்டாகப் பிளந்து அந்த ஓட்டையே அகலாக வைத்துக் கேரளத்தில் விளக்கேற்றும் வழக்கம் உண்டு. விதை எண்ணெய் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கு உரியது. சல்போன் மருந்துகள் 1940களில் வரும்வரை தொழுநோய்க்கு உலகம் நம்பியிருந்தது இந்த மரப் பேரினத்தின் எண்ணெயைத்தான். அது குடித்தால் குமட்டும். ஊசியில் ஏற்றினால் உடம்பில் கலக்காமல் கட்டியாக நிற்கும். அதை உடல் ஏற்றுக்கொள்ளும் வடிவில் மாற்றியவர் ஹவாயில் பணியாற்றிய ஆலிஸ் பால் என்னும் கருப்பினப் பெண் வேதியியலர். 1916ஆம் ஆண்டின் இறுதியில் இறந்தபோது அவருக்கு வயது 24. பார்த்தீர்களா, மரத்தை வரைந்திருந்தால் எத்தனை பாடங்கள் அதன் கிளைகளில் தொங்குகின்றன!

இந்த மரத்தின் உறவுச் செடிகளுக்கு ஒரு தற்காப்பு உண்டு. இலையைக் கடித்தால் ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளிவிடும் சேர்மங்களை அவை தம் திசுக்களில் வைத்திருக்கின்றன. பெரும்பாலான பூச்சிகள் பக்கத்தில் வரா. ஆனால் தமிழ் மறவனின் கூட்டம் பல தலைமுறைகளில் இந்த நஞ்சைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது என்று நான் எழுதுவது பேச்சு வழக்கு. இயற்கைத் தேர்வின் விளைவு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். புழுக்கள் கூட்டமாக இருந்து தின்கின்றன. பெருகிவிட்டால் மரமே இலையின்றி நிற்கும். போட்டிக்கு வருவோர் குறைவான ஓர் உணவைப் பிடித்துக்கொண்டது ஆதாயம். அந்த உணவு இல்லாத இடத்தில் குடியேற முடியாது என்பது அதன் விலை.

இப்போது வெண்ணாற்றங்கரைக்குத் திரும்புவோம். அங்கே மாணவர் காட்டிய செம்மஞ்சள் பூச்சியின் பெயர் அக்ரேயா டெர்ப்சிகோரி. ஆங்கிலத்தில் டானி கோஸ்டர் என்பார்கள். அது தமிழ் மறவனுக்கு அந்நியம் அன்று. இரண்டும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பங்காளி என்றே சொல்லலாம். அதன் புழு தின்னும் செடிகளில் இரண்டைச் சொல்கிறேன், நீங்கள் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். ஒன்று, வேலியில் படர்ந்து, வலைபோன்ற உறைக்குள் சிறு பழம் வைக்கும் சிறுபூனைக்காலி. அதன் பழத்தைப் பறித்துத் தின்னாத கிராமத்துப் பிள்ளை இல்லை. மற்றொன்று, வரப்பிலும் புல்தரையிலும் ஒற்றை இதழ் நீட்டி நிற்கும் ஓரிதழ்த் தாமரை. அந்தச் சிறுபூனைக்காலியின் குடும்பத்திலும் நீரடிமுத்துவின் குடும்பத்திலும் ஒரே வகையான நஞ்சுச் சேர்மங்கள் இருக்கின்றன! மலையில் உள்ளவனும் வயலில் உள்ளவனும் ஏறக்குறைய ஒரே சமையலைத்தான் உண்கிறார்கள். தாவரங்களின் வேதியியலும் பூச்சிகளின் உறவுமுறையும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்பதை நான் முதலில் படித்தபோது, அன்று மாணவர் செய்தது வெறும் பிழையன்று என்று உணர்ந்தேன். அவர் கண் உறவை அடையாளம் கண்டது. பெயரை மட்டும் மாற்றிச் சொன்னது.

இந்த இரண்டு பங்காளிகளின் தலையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுபூனைக்காலி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய களை. களை போன இடமெல்லாம் பூச்சிக்கும் சோறு. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த டானி கோஸ்டர் தென்கிழக்கு ஆசியாவில் நாடு நாடாக நகர்ந்து, 2006இல் சிங்கப்பூரில் காணப்பட்டு, 2012இல் ஆஸ்திரேலியாவின் வடகரையை எட்டிவிட்டது. மெல்லப் பறக்கும் பூச்சி அது; பிடித்தால் மஞ்சள் நீரைக் கசியவிட்டுச் செத்ததுபோல் கிடக்கும். தமிழ் மறவனோ விரைந்து பறக்கக் கூடியது. இருந்தும் அது தன் மலைக்காட்டை விட்டு நம் சமவெளிக்குக் குடிவரவில்லை. பரவலைச் சிறகின் வலிமை முடிவு செய்வதாயிருந்தால் கதை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் என் சொந்தப் பாடத்தைச் சற்றுக் கொண்டுவர அனுமதியுங்கள். உருவம் சிறுக்கச் சிறுக்க, கனஅளவை நோக்கப் பரப்பு பெருகும் என்று நாம் படித்திருக்கிறோம். ஒரு புழுவோ பூச்சியோ நம்மைவிட எளிதில் உலர்ந்துபோகக் கூடியது இதனால்தான். காற்று எவ்வளவு வேகமாக ஈரத்தை உறிஞ்சும் என்பது, அது தாங்கக்கூடிய ஆவியழுத்தத்துக்கும் உண்மையில் அதில் உள்ள ஆவியழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வைகாசியில் தஞ்சையில் ஒரு பிற்பகல்: வெப்பம் 37 பாகை, ஈரப்பதம் 45 விழுக்காடு என்று கொள்வோம். 37 பாகையில் தெவிட்டிய ஆவியழுத்தம் 47 மி.மீ. பாதரசம், ஆகவே பற்றாக்குறை சுமார் 26 மி.மீ. அதே நேரத்தில் மலைக்காட்டின் விதானத்தின் கீழே 25 பாகை, 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தெவிட்டிய அழுத்தம் சுமார் 24 மி.மீ.; பற்றாக்குறை 3.6 மி.மீ. நம் வயல்வெளிக் காற்றின் தாகம் காட்டுக் காற்றின் தாகத்தைப் போல ஏழு மடங்கு!

இந்தக் கணக்கை முடித்ததும், “இதோ, தமிழ் மறவன் ஏன் தஞ்சைக்கு வரவில்லை என்பதற்கு விடை” என்று எழுதிவிட்டேன். பிறகு அதை அடிக்க நேர்ந்தது. ஏனெனில், அதே வைகாசி வெயிலில் எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவும், எருக்கு இலையைத் தின்னும் புழுவும் என் வீட்டுக் கொல்லையிலேயே கொழுகொழுவென்று வளர்கின்றன. அவற்றின் உடல் அதைத் தாங்குகிறது. ஆகையால் ஈரக்காற்று ஒரு காரணமாக இருக்கலாம், முதற்காரணம் மரம். அந்த மரத்துக்கு ஏற்ற நிழலும் ஓடையும் மழையும் இங்கே இல்லை. கையில் சுத்தியல் இருப்பவனுக்கு எல்லாம் ஆணியாகத் தெரியும் என்பார்களே, அந்த வழக்கம் இயற்பியல்காரர்களுக்கும் உண்டு.

சரி, பார்க்கவே முடியாத ஒரு மலைப் பூச்சி எப்படிப் போனால் நெல் விளைவிக்கும் டெல்டாக்காரனுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு என்ற இடங்கள் வரும். நீலகிரியின் இந்தச் சரிவுகளில் இன்னும் ஓடையோரக் காடுகள் உள்ளன. கல்லாற்றின் நீர் பவானியாற்றில் சேர்கிறது. பவானி, பவானிசாகர் அணையைக் கடந்து, பவானி ஊரின் கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. ஆனைமலைப் பக்கத்து நீரோடைகள் சில அமராவதியாகிக் கரூருக்கு அருகே காவிரியை அடைகின்றன. முதன்மையான காவிரியோ குடகு மலையின் ஈரக் காடுகளில் பிறக்கிறது. கல்லணையில் நாம் கைகூப்பும் தண்ணீரின் ஒரு பகுதி, நீரடிமுத்து மரங்கள் நிற்கும் வகைக் காடுகளின் வேர்களுக்கு இடையே வடிந்து வந்தது. மறவனைக் காணாவிட்டாலும் அவன் வீட்டுக் கொல்லைத் தண்ணீரில்தான் நம் நாற்றங்கால் நனைகிறது.

இந்த இடத்தில் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். ‘காடு மழையைத் தருகிறது, மரம் நட்டால் ஆறு பெருகும்’ என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மேற்கு மலையில் பெருமழை பெய்வதற்கு முதற்காரணம் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மேலேறிக் குளிர்வது. மரங்கள் தாமும் நீரைக் குடித்து ஆவியாக்குகின்றன. ஆகவே காடு இருந்தால் ஆற்றின் மொத்த நீர் எப்போதும் கூடும் என்று சொல்ல இயலாது. காடு செய்யும் நிச்சயமான வேலை வேறு. சருகும் வேரும் புழுவும் துளைத்த மண் பஞ்சுபோல் இருக்கும். பெய்த மழை மேற்பரப்பில் உருண்டோடாமல் உள்ளிறங்கி, மழை நின்ற பின்னும் ஓடையில் மெல்லக் கசியும். மண் அரித்து அணையில் வண்டலாகப் படியாது. அணையின் ஆயுளும், கோடையில் ஓடும் நூலளவு நீரும் இதைப் பொறுத்தவை. குறுவைக்கு நீர் வருமா என்று சூன் மாதத்தில் மேட்டூர் மட்டத்தை நாளிதழில் தேடும் நமக்கு, இது தூரத்து மலைச் செய்தி ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து காப்பி, தேயிலை, ரப்பர் என்று அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி தோட்டங்களாயிற்று. தோட்டங்களுக்கு நடுவே ஓடைக் கரைகளில் விடப்பட்ட காட்டுப் பட்டைகள் பல இடங்களில் எஞ்சி நிற்கின்றன. நீரடிமுத்து விரும்பும் இடமும் ஓடைக் கரைதான். அங்கே சாலையை அகலப்படுத்தவோ, தங்கும் விடுதி கட்டவோ பத்து மரங்களை வெட்டினால், செய்தித்தாளில் பத்து மரங்கள் என்று வரும். மாநில வண்ணத்துப் பூச்சியின் வீடு என்று வராது. மரத்தின் பெயரே நம் பிள்ளைகளுக்குத் தெரியாதபோது எப்படி வரும்?

டெல்டாவுக்கும் காடு இருந்தது. நம் ஊர்ப் பெயர்களே சாட்சி: திருவெண்காடு, திருச்சாய்க்காடு, தலையாலங்காடு, கொள்ளிக்காடு, திருமறைக்காடு. வயலும் வாய்க்காலும் வர வர, பெயரில் மட்டும் காடு மிஞ்சிற்று. ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தை வெட்டி எரிப்பதையே கதையாக்கிய சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ நாவல், இந்தக் காவிரிக் கரையில்தான் நடக்கிறது. ஆனால் கோடியக்கரையில் இன்னும் ஒரு காடு நிற்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், 20 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட சரணாலயம், 1967இல் அறிவிக்கப்பட்டது. வெளிமானையும் பூநாரையையும் பார்க்க எல்லோரும் போகிறார்கள். ஆனால் அங்குள்ள காடு தனி வகை: உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டில் பல மாதம் மழையின்றி இருந்தும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காத, உலக்கைப்பாலை போன்ற மரங்களாலான, குட்டையான கடற்கரைக் காடு. சோழமண்டலக் கரையில் இவ்வகைக் காடு இன்று துண்டு துண்டாகவே இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அந்தக் காட்டை முறித்துப் போட்டது. சீமைக் கருவேலமோ அதற்கு முன்பிருந்தே உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது. அந்தக் காட்டு மரங்களில் எந்த இலையை எந்தப் புழு தின்கிறது என்பதை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்துடன் போய்க் குறித்து வந்தால், அது பொது அறிவு நூலின் நூறு பக்கத்துக்குச் சமம்.

மாநில வண்ணத்துப் பூச்சியைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சின்னம் எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. நம் மாநில விலங்காகிய வரையாட்டையும் தஞ்சையில் யாரும் கண்டதில்லை. அதே வேளையில் மாநில மரமாகிய பனை நம் வாய்க்கால் கரையில் நிற்கிறது. மாநில மலராகிய செங்காந்தளை வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். மலையின் ஈரக் காட்டுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்றால் தமிழ் மறவன் தக்க பிரதிநிதியே. என் வழக்கு, பிரதிநிதியை மேடையில் ஏற்றிவிட்டு அவன் தொகுதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருக்கிறோம் என்பதுதான்.

பாடநூல் எழுதுவோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. அந்தப் படத்தில் செம்பருத்தியை எடுத்துவிட்டு ஒரு நீரடிமுத்துக் கிளையை வரையுங்கள். அதில் நாலைந்து புழுக்களையும் சேர்த்து. புழுவைப் பார்த்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். ‘மட்டுமே’ என்ற சொல்லை நீக்கி, இலங்கையையும் எழுதுங்கள். வினாவையும் சற்று மாற்றுங்கள்: “தமிழ் மறவன் தஞ்சை மாவட்டத்தில் ஏன் இல்லை?” இதற்கு ஒரு மதிப்பெண் போதாது, ஐந்து கொடுக்க வேண்டியிருக்கும். திருத்துபவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கும்.

அன்று வெண்ணாற்றங்கரையில் தமிழ் மறவன் என்று கூவிய மாணவர், விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே ஒரு சிறுபூனைக்காலிக் கொடி. அதில் முட்கள் நிறைந்த செம்பழுப்புப் புழுக்கள் மூன்று. இலையை மாற்ற மறந்தால் ஒரே நாளில் காம்பு மட்டுமே மிஞ்சுகிறது என்றார். “சார், இதையே நீரடிமுத்து இலையில் விட்டால் தின்னுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விலங்கியல் துறைக்கு அனுப்பியிருக்கிறேன்.